முதல்ல நிக்கட்டும், அப்புறம் ஓடட்டும்

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கு கவிதை இல்ல, சினிமா விமர்சனம் இல்ல, அரசியல் கும்மியும் இல்ல. பழைய கார் பத்தி ஒரு பதிவு. "கார் பதிவா, ஆள விடு"ன்னு ஓடிடாதீங்க. உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ கண்டிப்பா ஒரு தம்பி இருப்பான், சைலன்சரை மாத்திட்டு ராத்திரி பதினோரு மணிக்கு தெருவையே எழுப்பிட்டுப் போறவன். அவனுக்காகவாவது படிங்க.

எங்க ஊரு கள்ளக்குறிச்சி. நெல்லு, கரும்பு, மரவள்ளி. மேக்கால பாத்தா கல்வராயன் மலை. இந்த ஊருக்கும் ரேஸ் காருக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. சம்பந்தம் எங்க சித்தப்பா பையன் ரூபத்துல வந்திருக்கு. தம்பி ஒரு பழைய ஹோண்டா சிட்டி விடெக் வாங்கியிருக்கான். 2001 மாடல். அதை தயார் பண்ணி இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குல ஓட்டணும்னு ஆசை.

இங்க ரெண்டு விஷயம் சொல்லிடறேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடுங்க.

ஒண்ணு, ட்ராக் டேன்னா ரேஸ் கிடையாது. கப்பு, பரிசு, முதலிடம் ஒண்ணும் இல்ல. காசு கட்டி, நம்ம சொந்த வண்டிய, மூடின ரேஸ் ட்ராக்குல பேட்ச் பேட்ச்சா பதினஞ்சு இருபது நிமிஷம் ஓட்டிப் பாக்கறது. எதிர்ல லாரி வராது, குறுக்கால ஆடு வராது, ராங் சைடுல டிவிஎஸ் எக்ஸெல் வராது. அவ்ளோதான்.

ரெண்டு, ஹோண்டா சிட்டி எப்படிய்யா ஸ்போர்ட்ஸ் கார் ஆச்சுன்னு கேக்கறவங்களுக்கு: நம்ம நாட்டுல நடுத்தரக் குடும்பத்துக்குன்னு ஸ்போர்ட்ஸ் கார் எப்ப இருந்தது? கோவாவுல தயாரான சான் ஸ்டார்ம்னு ஒரு ரெண்டு சீட்டு கார் தொண்ணூறுகளோட கடைசியில வந்துச்சு. ரோட்டுல நேர்ல பாத்தவங்க கையத் தூக்குங்க... தெரியும், யாரும் இல்ல. அதனால நம்மாளுங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார்னா மாருதி எஸ்டீம், ஃபோர்டு ஐகான் 1.6, ஃபியட் பாலியோ 1.6, இதுங்களுக்கெல்லாம் அண்ணனா சிட்டி விடெக். 2000-ல வந்து 2003-ல நின்னுபோன வண்டி. ஒன்றரை லிட்டர் இன்ஜின், 106 குதிரைத்திறன், வெயிட்டு ஏறக்குறைய ஒரு டன்னுதான். அந்தக் காலத்துல அது ராக்கெட். இன்னிக்கும் அந்த இன்ஜினை ஆறாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல இழுத்துப் பாத்தவன் மறக்க மாட்டான்.

சரி, கதைக்கு வருவோம். தம்பி ஒரு லிஸ்ட் அனுப்பினான். சைலன்சர் சிஸ்டம், ஏர் ஃபில்டர், ஈசியூ ரீமேப், பெரிய சைஸ் அலாய் வீல், பானட் முழுக்க ஸ்டிக்கர். கேட்டேன்:

"பிரேக்குக்கு எவ்ளோடா ஒதுக்கியிருக்க?"

"பிரேக் நல்லாதான்ண்ணா பிடிக்குது."

இந்த ஒரு வரிக்குத்தான் இந்த முழு பதிவும்.

என் கட்சி இதுதான். இருபது வருஷத்துக்கு மேல ஆன ஒரு வண்டிய ட்ராக்குக்குக் கொண்டுபோற எவனும், பவருக்கு ஒரு பைசா செலவு பண்றதுக்கு முன்னாடி அந்த வண்டி நிக்கறதுக்கும், சூடு தாங்கறதுக்கும், ஆளோட உடம்புக்கும் செலவு பண்ணணும். அது முடிஞ்சு மிச்சம் இருந்தாத்தான் பவர். பாதிப் பேருக்கு மிச்சம் இருக்காது. இல்லாட்டியும் பரவாயில்ல, 106 குதிரையே போதும்.

"ரோட்டுல நல்லா பிடிக்குதே"ங்கறது எங்க தொழில்ல நாங்க தினம் கேக்கற வசனம். ஒரு யூசர் உள்ள வந்தா சிஸ்டம் நல்லாதான் ஓடும். ஆயிரம் பேர் ஒண்ணா வந்தா படுத்துக்கும். ரோட்டுல பிரேக் அடிக்கறது ஒரு யூசர். ட்ராக்குல அடிக்கறது லோட் டெஸ்ட்.

கணக்கு போட்டுக் காட்டறேன், பிளஸ் டூ பிசிக்ஸ்தான், பயப்படாதீங்க. ஆளோட சேத்து வண்டி 1100 கிலோ. நேர் ரோட்டு முடிவுல 140 கி.மீ. வேகத்துல வந்து, வளைவுக்காக 70-க்கு இறக்கறோம். அந்த நாலு செகண்டுல பிரேக் முழுங்கற சக்தி சுமார் 620 கிலோ ஜூல். ரெண்டு லிட்டர் பச்சத் தண்ணிய கொதிக்க வைக்கிற சூடு. டீக்கடை பாய்லர்ல கூட நாலு செகண்டுல அது நடக்காது. அந்த சூட்டுல முக்காவாசி முன்சக்கர டிஸ்க் ரெண்டுக்கும் போகும். ரெண்டும் சேந்து எட்டு கிலோ இரும்புன்னு வெச்சுக்கிட்டா, ஒரே ஒரு தடவை அடிச்சதுக்கே நூறு டிகிரிக்கு மேல ஏறும். ரோட்டுல அதுக்கப்புறம் ரெண்டு மூணு கிலோமீட்டர் ஆறிக்கும். ட்ராக்குல அடுத்த வளைவு அரை நிமிஷத்துல வந்துடும். இருங்காட்டுக்கோட்டை ட்ராக் ஒரு சுத்து 3.7 கி.மீ., 12 வளைவு. ஆறுறதுக்குள்ள அடுத்த அடி, அடுத்த அடி. அஞ்சாவது சுத்துல பெடல மிதிச்சா பஞ்சு மூட்டைய மிதிச்ச மாதிரி தரைக்குப் போகும்.

ஏன் அப்படின்னா, பிரேக் ஆயில் தண்ணிய உறிஞ்சற ஜாதி. டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி தாங்கும். காத்துல இருக்கற ஈரத்த இழுத்து இழுத்து 155-க்கு இறங்கிடலாம். டாட் 3-ன்னா 205-லேர்ந்து 140. கொதிச்சா ஆவி. ஆயில அமுக்க முடியாது, ஆவிய அமுக்கலாம். நீங்க மிதிக்கிற மிதி சக்கரத்துக்குப் போகாம ஆவிய நசுக்கறதுலயே முடிஞ்சிடும். பழைய கார் வாங்கினவன்ல எத்தன பேரு பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தினதுன்னு விக்கிறவன்கிட்ட கேட்டிருப்பான்? மாத்தற செலவு, நாலு பேரு உக்காந்து பிரியாணி சாப்புடற செலவுதான்.

அதனால என் லிஸ்ட் இப்படிப் போகும்.

முதல்ல பிரேக். ஆயில் முழுசா மாத்தணும், நாலு சக்கரத்துலயும் ஏர் எடுக்கணும். டாட் 4 இல்லாட்டி டாட் 5.1. வெறும் டாட் 5 வேற, அது சிலிக்கான், பேரைப் பாத்து ஏமாந்து ஊத்திடாதீங்க. ரப்பர் பிரேக் ஹோஸ் இருபது வருஷத்துல வெடிச்சிருக்கும், இல்ல உள்ளுக்குள்ள ஊதியிருக்கும், புதுசு போடணும். கேலிப்பர் பிஸ்டன் சிக்காம நகருதான்னு பாக்கணும். சூடு தாங்கற பேட் போடணும், டிஸ்க் கனம் அதுல எழுதியிருக்கற குறைஞ்சபட்ச அளவுக்குக் கீழ போயிருந்தா மாத்தணும். பின்னாடி டிரம்ம மறந்துடறாங்க நிறைய பேரு. அதுல வீல் சிலிண்டர் கசிஞ்சா ஷூ முழுக்க ஆயில், பின்சக்கரம் ஒண்ணு பிடிக்கும் ஒண்ணு பிடிக்காது. 120-ல அது விளையாட்டு இல்ல.

ரெண்டாவது சூடு. சென்னை வெயிலப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. ரேடியேட்டர், அதோட மூடி, தெர்மோஸ்டாட், ஹோஸ், ஃபேன். எங்க ஊரு பக்கம் பழைய கார் ரேடியேட்டர தொறந்தா உள்ள போர் தண்ணி உப்பு வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்கும். "கூலன்ட் எதுக்கு, தண்ணி ஊத்தினா போதும்"னு இருபது வருஷமா ஊத்தின புண்ணியம். அந்த ரேடியேட்டர வெச்சுக்கிட்டு ட்ராக்குக்குப் போனா மூணாவது சுத்துல முள்ளு சிவப்புக்குப் போயிடும். சிட்டி விடெக்ல டைமிங் பெல்ட் இருக்கு, வாட்டர் பம்பையும் அதுதான் சுத்துது. பெல்ட் எப்ப மாத்தினதுன்னு கையில பில் இல்லாட்டி, மாத்தலன்னுதான் அர்த்தம். பெல்ட்டோட சேத்து பம்பு, டென்ஷனர் எல்லாத்தையும் ஒரே வேலையா முடிச்சிடணும். பெல்ட் அறுந்தா வால்வு பிஸ்டன் மேல மோதும், அதுக்கப்புறம் இன்ஜின காயலான் கடைக்குத்தான் போடணும்.

இன்ஜின் ஆயில் புதுசா, மேல் கோட்டு வரைக்கும். நீளமான வளைவுல ஆயில் எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கும்போது, அளவு குறைவா இருந்தா பம்பு காத்த இழுக்கும். இன்னொண்ணு, ஆயில் லீக் உங்க பிரச்சனை மட்டும் இல்ல. நீங்க சொட்டவிட்ட ஆயில்ல பின்னாடி வர்றவன் வழுக்குவான்.

பெட்ரோல் விஷயமும் இதுல சேரும். இப்ப பங்க்ல வர்றது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல். 2001-ல செஞ்ச வண்டி இத மனசுல வெச்சு செஞ்சது இல்ல. ரொம்ப நாள் ஓடின சில பழைய வண்டிங்கள்ல ரப்பர் பாகம், கேஸ்கெட் மாத்த வேண்டி வரலாம்னு 2025-ல பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கு. இன்ஜின் ரூம்ல பெட்ரோல் ஹோஸ் கசிஞ்சா என்ன ஆகும்னு விளக்க வேண்டாம். எல்லா ஹோஸும் புதுசு.

மூணாவது தரையத் தொடற சமாச்சாரம். டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும். 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. பட்டன் புதுசு மாதிரி இருந்தாலும் ரப்பர் வயசாச்சுன்னா கல்லு. ஆறு வருஷம் தாண்டினத ட்ராக்குக்குக் கொண்டு போகாதீங்க. தம்பி கேட்ட பெரிய அலாய் வீல் காசுல நல்ல டயர் நாலு வாங்கலாம். சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயின்ட், டை ராடு எண்ட், வீல் பேரிங், எல்லாத்துலயும் ஆட்டம் இருக்கான்னு பாக்கணும். வண்டியத் தூக்கி சக்கரத்தக் கையால ஆட்டினாலே பாதி தெரிஞ்சிடும். வீல் நட்டு டார்க் ரென்ச்லதான் டைட் பண்ணணும். பைப்பு மாட்டி ஏறி மிதிக்கிற பழக்கத்த கடையிலயே விட்டுட்டு வாங்க.

நாலாவது ஆளு. ஏபிஎஸ், டிரைவர் ஏர்பேக் எல்லாம் நம்ம நாட்டுல எல்லா புது கார்லயும் கட்டாயம் ஆனதே 2019-லதான். 2001 வண்டியில பெரும்பாலும் ரெண்டும் இருக்காது. அப்போ இருக்கறது சீட் பெல்ட் மட்டும்தான். அந்த பெல்ட்டும் இருபது வருஷ வெயில்ல வெளுத்துப் போயிருக்கும். புதுசு மாத்துங்க. சீட் போல்ட் டைட்டா இருக்கான்னு பாருங்க. ஹெல்மெட் கட்டாயம். ரேஸ் கார் ஹெல்மெட்ல தீ தாங்கற துணி இருக்கும், பைக் ஹெல்மெட்ல இருக்காது, அந்த வித்தியாசம் தெரிஞ்சு வாங்குங்க. பேட்டரி ஆடாம கட்டியிருக்கணும். ஜாக்கி, ஸ்டெப்னி, தண்ணி பாட்டில், காலடி மேட்டு எல்லாத்தையும் இறக்கிடணும். டேஷ்போர்டு பிள்ளையாரையும்தான். கோச்சுக்க மாட்டார், ஒட்டின கம் விட்டுப்போச்சுன்னா 100 கி.மீ. வேகத்துல அவரும் ஒரு கல்லுதான் :)

இங்க ஒரு எச்சரிக்கை. சினிமாவுல பாத்துட்டு நாலு பட்டை ரேஸ் பெல்ட் மட்டும் வாங்கி சாதா சீட்ல மாட்டறாங்க. கூண்டு இல்லாத கார் உருண்டா கூரை நசுங்கும். மூணு புள்ளி பெல்ட்ல உடம்பு பக்கவாட்டுல சாய கொஞ்சம் இடம் இருக்கும். நாலு பட்டையில நிமிர்ந்தபடி கட்டிப் போட்ட தலைதான் கூரைக்கு முட்டுக் குடுக்கும். கூண்டு, சீட், ஆறு பட்டை பெல்ட், கழுத்துப் பாதுகாப்பு எல்லாம் ஒரே செட்டு, ஒண்ணு மட்டும் எடுத்தா ஆபத்து. முழு செட்டும் போட்டா அது ரோட்டு கார் இல்ல, டிரெய்லர்ல ஏத்திட்டுப் போற கார். வண்டி அமைப்ப தயாரிப்பாளர் குடுத்ததுக்கு மாறா மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு. ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணிக்கணும்.

2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ் பயிற்சியில அஜித் ஓட்டின போர்ஷே தடுப்புல மோதி சுத்தி நின்ன வீடியோ நம்ம எல்லார் மொபைலுக்கும் வந்துச்சு. தல காயமில்லாம இறங்கி நடந்து வந்தார். அந்த வாரமே அவரோட டீம் தன்னோட பிரிவுல மூணாவது வந்துச்சு. நம்ம பசங்க அதுல பாத்தது தைரியத்த. நான் பாக்கச் சொல்றது அந்த காருக்குள்ள இருந்த இரும்புக் கூண்டையும் பெல்ட்டையும் சீட்டையும். அந்த தைரியத்துக்கு அடியில அவ்வளவு இரும்பு இருந்துச்சு. நம்ம 2001 மாடல்ல அது இல்ல. அதனால நம்ம ஓட்டற வேகமும் அதுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கணும்.

இன்னொரு சம்பவமும் சொல்லணும், மனசு கனமா இருக்கும். 2023 ஜனவரி 8, அதே இருங்காட்டுக்கோட்டை ட்ராக், தேசிய கார் ரேஸ். கே.இ. குமார், 59 வயசு, பல வருஷ அனுபவம் உள்ள ரேஸர். இன்னொரு காரோட உரசி, ட்ராக்க விட்டு விலகி, வேலியில மோதி கார் கவிழ்ந்துச்சு. மருத்துவக் குழு உடனே வெளிய எடுத்து ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயும் காப்பாத்த முடியல. கூண்டு போட்ட கார், அனுபவஸ்தர், கைக்கெட்டின தூரத்துல டாக்டர். அப்படியும். இதச் சொல்றது ட்ராக்குக்குப் போகாதீங்கன்னு பயமுறுத்த இல்ல. இவ்வளவும் இருந்தே ஆபத்து மிச்சம் இருக்குன்னா, இதுல ஒண்ணுமே இல்லாத இடத்துல எவ்வளவு இருக்கும்னு யோசிக்கத்தான்.

அந்த "ஒண்ணுமே இல்லாத இடம்" எங்க ஊர்லயே இருக்கு. அதுக்குத்தான் வர்றேன்.

"இருங்காட்டுக்கோட்டை இருநூறு கிலோமீட்டருக்கு மேலண்ணா. பெட்ரோல், டோல், ட்ராக் ஃபீஸு. நம்ம வெள்ளிமலை ரோடு சும்மா கிடக்கு. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டினா வளைவுதான். விடியக்காலை நாலு ரவுண்டு போனா பிராக்டீஸ் ஆச்சு." இது தம்பி மட்டும் சொல்றது இல்ல. ஏலகிரி, கொல்லிமலை, ஏற்காடு அடிவாரத்துல இருக்கற எல்லா ஊரு தம்பிங்களும் சொல்றதுதான்.

சும்மா கிடக்குன்னு யாரு சொன்னது? அது கல்வராயன் மலை ஜனங்களோட உயிர்க் கயிறு. கவர்மென்ட் பஸ், ரேஷன் அரிசி, பிரசவத்துக்குப் போற 108, ஸ்கூலுக்கு நடந்து போற புள்ளைங்க, தலையில விறகு கட்டு வெச்ச ஆயா, எல்லாம் அதே ரோட்டுலதான். கீழ வந்தா கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போற கரும்பு டிராக்டர், பின்னாடி ஒரு லைட்டு கூட இல்லாம. 2024 ஜூன்ல கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளுக்கு அப்புறம், கல்வராயன் மலை மக்களோட நிலைமைய சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கா எடுத்துச்சு. அதுல பேசப்பட்ட விஷயங்கள்ல ரோடும் ஒண்ணு. ஒரு ரோட்டுக்காக இத்தன காலம் காத்திருக்கற ஜனங்க, அந்த ரோட்டுல நம்ம தம்பிங்க லேப் டைம் பாக்கறதுக்கு ஒதுங்கி நிக்கணுமா?

ட்ராக்குல வளைவுக்கு வெளிய காலி இடம் இருக்கும், தப்பினா மண்ணுல போய் நிக்கும். மலையில வளைவுக்கு வெளிய பள்ளத்தாக்கு. ட்ராக்குல மஞ்சள் கொடி காட்ட ஒரு ஆள் நிக்கிறார். மலையில அடுத்த வளைவுல மாடு படுத்திருக்கறது மாட்டுக்கு மட்டும்தான் தெரியும். சட்டமும் சும்மா இல்ல. பொது ரோட்டுல ரேஸ் விட்டா மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு, 2019 திருத்தத்துக்கு அப்புறம் மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல அஞ்சாயிரம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். இன்சூரன்ஸ் பேப்பர்ல பயன்படுத்தற வரம்புன்னு ஒரு பத்தி இருக்கும், ரேஸ், வேகச் சோதனை ரெண்டுக்கும் கவர் இல்லன்னு அதுல இருக்கும். ட்ராக்குல அடிபட்டாலும் வண்டிக்கு அந்த பாலிசி காசு தராது, அதையும் தெரிஞ்சுக்கிட்டு போங்க.

அந்த மலை ரோட்டுக்கு இந்த விஷயத்துல ஒரே ஒரு உபயோகம் உண்டு, அதுவும் சட்டப்படி, நிதான வேகத்துல. வெள்ளிமலையிலேர்ந்து சாதாரணமா இறங்கிட்டு வாங்க. கீழ வர்றதுக்குள்ள பெடல் இளகுதா, தீஞ்ச வாசனை வருதா, வண்டி ஒரு பக்கமா இழுக்குதா, ஹேண்டில் நடுங்குதா? ஒண்ணு இருந்தாலும் உங்க வண்டி இன்னும் தயாராகல. இந்த மலையில வருஷக்கணக்கா பஸ் ஓட்டற அண்ணன்கள கவனிச்சுப் பாருங்க. எந்த கியர்ல ஏறணுமோ அந்த கியர்லதான் இறங்கணும்னு சொல்வாங்க. பிரேக்க சேமிச்சு வெக்கிற அந்தக் கலைக்கு முன்னாடி நம்ம ஈசியூ ரீமேப்பெல்லாம் சின்னப் புள்ள விளையாட்டு.

சரி, எதிர்க்கேள்விகளுக்கு வருவோம்.

"இவ்வளவு பண்றதுக்கு புது காரே வாங்கலாமே?" வாங்கலாம், காசு இருந்தா. ஏபிஎஸ், ஏர்பேக், பலமான பாடி எல்லாம் இருக்கும், பாதுகாப்புல பழைய வண்டி கிட்டயே வராது, அத மறுக்கல. ஆனா புதுசுக்கும் பேட் தேயும், ஆயில் கொதிக்கும். பழைய வண்டி லேசு, சிக்கல் கம்மி, கழட்டி மாட்டக் கத்துக்கலாம். நான் சொன்ன லிஸ்ட்ல முக்காவாசி வேலை, இருக்கற பார்ட்ட புதுசா மாத்தறதுதான். அந்த வண்டிய ட்ராக்குக்குக் கொண்டு போகாட்டியும் அந்த செலவு வீண் இல்ல, பொண்டாட்டி புள்ளைங்கள கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறப்பவும் அதே பிரேக்குதான் நிக்க வெக்கும். சைலன்சருக்கு இதச் சொல்ல முடியுமா?

"காசு இருக்கறவன் விளையாட்டு, நமக்கு எதுக்கு?" இதுல நியாயம் இருக்கு. நம்ம ஊரு மோட்டார் ரேஸ் வரலாறே பெரிய வீட்டுப் பசங்க வரலாறுதான். ஆனா அதுக்குள்ளயே இன்னொரு சரடும் இருக்கு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல ஆரம்பிச்சது. ரெண்டாம் உலகப் போர் காலத்து சோழவரம் விமான ஓடுபாதையிலதான் ரேஸ் நடத்தினாங்க. ஆடினது அம்பாசடரும் ஃபியட்டும் ஹெரால்டும். 1990-ல இருங்காட்டுக்கோட்டையில சொந்த ட்ராக் வந்துச்சு. கோயமுத்தூர்ல கரிவரதன், மாருதி இன்ஜின வெச்சு குறைஞ்ச செலவுல ஃபார்முலா மாருதி கார் செஞ்சார். 1995-ல விமான விபத்துல போய்ட்டார். அவர் செஞ்ச மாதிரி கார்ல ஆரம்பிச்ச கோயமுத்தூர் பையன் நாராயண் கார்த்திகேயன் 2005-ல ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். இருக்கறத வெச்சு ஒழுங்கா தயார் பண்றதுதான் நம்ம ஊரு மரபு. வெளிநாட்டு ஸ்டிக்கர் ஒட்டறது இல்ல.

ட்ராக்குக்குப் போற தம்பிங்களுக்கு கடைசியா நாலு வரி. முதல் சுத்து டயரும் பிரேக்கும் சூடாக மட்டும். முதல் செஷன் முழுக்க உங்க திறமையில முக்கால்தான். கடைசி சுத்து பிரேக்க தொடாம ஆறவெச்சு வாங்க. நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் இழுக்காதீங்க, கொதிக்கிற டிரம்ல ஷூ ஒட்டிக்கும். கியர்ல போட்டு கல்லு வைங்க. ஒவ்வொரு செஷனுக்கு நடுவுலயும் வீல் நட்டு, டயர் காத்து, ஆயில், பெடல். மஞ்சள் கொடி, சிவப்புக் கொடி, நீலக் கொடி என்னன்னு தெரியாம உள்ள போகாதீங்க. கையோட ஒரு செட் பழைய பேட் எடுத்துட்டுப் போங்க, திரும்பி வரணுமில்ல.

அந்த "திரும்பி வரணும்"கறதுதான் என் அளவுகோல். அன்னிக்கு எத்தன நிமிஷத்துல ஒரு சுத்து அடிச்சேங்கறது ரெண்டாம்பட்சம். சாயங்காலம் அதே வண்டியில, ஏசி போட்டு, பாட்டு கேட்டுக்கிட்டு, விக்கிரவாண்டி டோல்கேட்டு தாண்டி, உளுந்தூர்பேட்டையில திரும்பி, ராத்திரி சோத்துக்கு கள்ளக்குறிச்சி வந்து சேந்தா உங்க வண்டி தயாரான வண்டி. டோ வண்டி மேல ஏறி வந்தா, என்ன பவர் இருந்தாலும் அது காட்சிப் பொருள்.

தம்பிகிட்ட லிஸ்ட்ட மாத்தச் சொல்லியிருக்கேன். ஸ்டிக்கர மட்டும் விட்டுக் குடுக்க மாட்டேங்கறான். சரி, அது ஒண்ணும் ஆபத்து இல்ல, ஒட்டிக்கட்டும் :)

உங்க ஊரு மலை ரோட்டுலயும் இந்தக் கூத்து நடக்குதா? பழைய வண்டிய ஒழுங்கா தயார் பண்ணி ட்ராக்குல ஓட்டினவங்க யாராவது இருக்கீங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறதுன்னாலும் திட்டுங்க, பேர் போட்டு திட்டுங்க.

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், மெக்கானிக் இல்ல. உங்க வண்டிய கழட்டறதுக்கு முன்னாடி அந்த வண்டியோட சர்வீஸ் புக்கையும், அந்த வண்டியிலயே கை கறுத்த ஒரு மெக்கானிக் அண்ணனையும் கேட்டுக்கோங்க.